தரிசனம் கிடைத்தாச்சு, அடுத்து என்ன? நெகேமியாவிடம் கேட்போம்

புத்தாண்டு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வருகிறோம், "இந்த வருடம் எனக்கு ஒரு தரிசனம் தாரும் ஆண்டவரே" (அதாவது, நான் செய்ய வேண்டிய வேலை எது என்று காட்டும்) என்று ஜெபிக்கிறோம், பிப்ரவரியில் அந்த அட்டை வேதாகமத்துக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் பல வருடம் இதே கதைதான். வேதாகமத்தில் நெகேமியாவின் புத்தகத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாகப் படித்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

முதலில், வானம் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சூசான் அரண்மனையில் பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவுக்கு வந்தது வெறும் ஊர்ச் செய்தி: தன் ஜனங்களின் நகரமான எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது. உட்கார்ந்து அழுதார். நம்ம திண்டிவனத்தில், பிற்பாடு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கும் அப்படித்தான். ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் துடித்த மனைவிக்காக அடுத்தடுத்து வந்து கூப்பிட்டார்கள். ஆண் மருத்துவரான அவருடைய அப்பா வருவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். எந்தச் செய்தியைக் கேட்டால் உங்களுக்குச் சோறு இறங்குவதில்லையோ, அதை இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

அப்புறம் அவசரப்படாதீர்கள். யூதர்களின் கிஸ்லேயு மாதம் கேட்ட செய்தியை நிசான் மாதத்தில்தான் நெகேமியா ராஜாவிடம் சொல்லி, மதிலைக் கட்டப் போக அனுமதி கேட்டார், கிட்டத்தட்ட நாலு மாதம். ராஜா கேட்டதும் எத்தனை காலம் ஆகும், யார் யாருக்குக் கடிதம் வேண்டும், மரம் எந்த வனக்காவலனிடம் வாங்க வேண்டும் என்று எல்லாம் கையில் இருந்தது. அதாவது முழங்காலில் இருந்தபோதே கணக்கும் போட்டிருக்கிறார், இதை நாம் செய்வதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். எருசலேம் போய் மூன்று நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல், ராத்திரியில் நாலைந்து பேரோடு அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறார், ஓர் இடத்தில் இடிபாடு அவ்வளவு நெருக்கம், அவர் ஏறிப்போன மிருகத்துக்கே வழியில்லை. நீங்களும் சபையில் சாட்சி சொல்வதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். முதியோர் இல்லம்தான் பாரம் என்றால் நாலு சனிக்கிழமை அங்கே சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வாடையும் அலுப்பும் தெரிந்த பிறகும் மனசு அங்கேயே நின்றால் சரி.

தொடங்கியதும் கேலி வரும். ஒரு நரி ஏறினாலே இந்த மதில் இடிந்துவிடும் என்றான் வேலையை எதிர்த்த தொபியா. அவனோடு சேர்ந்து எதிர்த்த சன்பல்லாத்தின் கூட்டம் பேச வரச்சொல்லி நாலு தரம் ஆள் அனுப்பியது, வேலை இருக்கிறது, வரமுடியாது என்று நாலு தரமும் ஒரே பதில். வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் பதில் எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படிக்கலாம்.

ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து பாதியில் வரும் சோர்வு. மதில் பாதி உயர்ந்த நேரத்தில்தான் "சுமைகாரருக்குப் பெலன் குறைந்துவிட்டது, மண்மேடு மிச்சமிருக்கிறது" என்று ஜனங்கள் சொன்னார்கள். 52 நாளில் முடிந்த மதில் வேலையிலேயே இப்படி. ஐடா 1900-இல் மருத்துவராக வேலூருக்குத் திரும்பினார், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918-இல். எனவே நோட்டில் ஆறாவது மாதத்துக்கு இப்போதே ஒரு பக்கம் ஒதுக்கி, அன்றைக்கு யாருக்குப் போன் செய்து "எனக்காக ஜெபியுங்கள், முடியவில்லை" என்று சொல்லப்போகிறீர்கள் என்று அவர் பெயரை எழுதிவையுங்கள், அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.