பழைய நிழற்படங்களைக் காட்சிக்கு வைக்கும் முறை

ஊர் வரலாற்றுக் கண்காட்சிக்காக வீடுகளிலிருந்து இரவல் வாங்கும் பழைய நிழற்படங்களை மாதக்கணக்கில் சுவரில் மாட்டிவைப்பதைவிட, நல்ல நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடம் திருப்பித் தருவதே சிறந்தது. மூலத்தைத்தான் வைக்க வேண்டும் என்றால், அருங்காட்சியகங்களில் வழக்கமாகச் செய்வதைப் போல வெளிச்சத்தை ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் நிறுத்தி, சன்னல் வெயில் படாதவாறு திரையிட வேண்டும். ஒளியால் மங்கிய படம் மீண்டும் தெளிவதில்லை. படத்தில் பசையோ ஒட்டுநாடாவோ படவே கூடாது. அமிலமற்ற தாளை மடித்துச் செய்த முக்கோண மூலைகளில் செருகி நிறுத்தலாம். பின்புறம் பென்சிலில் யாரோ எழுதிவைத்த பெயரும் தேதியும், மங்கலான ஸ்டுடியோ முத்திரையும் படத்தளவுக்கே மதிப்புள்ளவை என்பதால், சட்டமிடும் முன் அவற்றையும் படியெடுத்து விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். இரவல் தந்தவரின் ஒப்புதலை எழுத்தில் பெறும்போதே, தம் பெயரை வெளியிட அவர் விரும்புகிறாரா என்பதையும் கேட்டறியுங்கள்.