சமன் கோர்ட்டுக்குப் போயிருச்சா? கோலாலம்பூர் ஜாலான் டூத்தா கோர்ட்டுல என்ன செய்யணும்

மோட்டோ ஓட்டுற நம்ம பசங்க பாதிப் பேரு சமன, அதான் டிராஃபிக் அபராத நோட்டீஸ, சீட்டுக்கு அடியில சொருகிட்டு மறந்துர்றாங்க. முன்ன மாதிரி கழிவு ஆஃபர் வரட்டும்னு உக்காந்திருக்க முடியாதுங்க, 2026 ஜனவரி 1-லேர்ந்து போலீஸ், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரெண்டு சமனுக்கும் ஒரே கணக்கு. 15 நாளுக்குள்ள கட்டுனா பாதி, 30 நாளுக்குள்ளன்னா 33 சதவீதம் கழிவு, அதுக்கு மேல 60 நாள் வரைக்கும் முழுசா, அதையும் தாண்டுனா கோர்ட். கம்பவுண்ட் பண்ண முடியாத, அதாவது கோர்ட்டுக்குப் போகாம அபராதம் கட்டி முடிக்க முடியாத பெரிய தப்புக்கு இந்தக் கழிவு கிடையாது.

கோர்ட் தேதி வந்துருச்சுன்னா காலையிலயே போயிருங்க, பார்க்கிங் தேடியே உயிர் போயிரும். ஐசி (அடையாள அட்டை), சமன் கடுதாசி, சம்பள சிலிப் எடுத்துக்குங்க. சிலிப்பர், அரைக்கால் சட்டை வேணாம். எந்த ரூம்னு கவுண்டர்ல கேளுங்க. மலாய்ல படிக்கிற சார்ஜ் புரியலன்னா சும்மா தலையாட்டாதீங்க, தமிழ் ஜுருபஹாசா (மொழிபெயர்ப்பாளர்) வேணும்னு கேளுங்க. அது உங்க உரிமை.

தேதிய விட்டுட்டீங்களா? இங்கதான் நம்ம ஆளுங்க பயந்துகிட்டு இன்னும் ஒளிஞ்சுக்குறாங்க. வாரண்ட் போட்டிருந்தா எந்த ரோட்பிளாக்லயும் ஐசிய தட்டுனா வந்துரும், அன்னைக்கு ராத்திரி லாக்கப்தான். அதுக்கு முன்னாடி நீங்களே கேஸ் நம்பரோட கவுண்டருக்குப் போங்க, வாரண்ட ரத்து பண்ணி வேற தேதி கேக்க என்ன வழின்னு விசாரிங்க. தானா வந்தவருக்கும் புடிச்சிட்டு வந்தவருக்கும் மாஜிஸ்திரேட் கண்ணுல நிறைய வித்தியாசம் இருக்கு. காய்ச்சலால வரலன்னா எம்சில (டாக்டர் சான்றிதழ்) "கோர்ட்டுக்கு வர முடியாத நிலை"ன்னு டாக்டர எழுத வைங்க, சாதா எம்சிய சில பேரு ஏத்துக்க மாட்டாங்க. ஜாமீன்ல வெளிய இருந்தா இன்னும் மோசம், ஜாமீன் நின்ன மாமாவயும் கூப்பிட்டு காரணம் கேப்பாங்க, அவரு பணமும் போகலாம்.

அபராதம் போட்டாச்சு, கையில காசில்லன்னா? வாயத் தெறந்து கேட்டாத்தான் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 283-வது பிரிவுல மாஜிஸ்திரேட் டைம் குடுக்கலாம், தவணையில கட்டவும் விடலாம். "துவான், சாயா மோஹோன் பாயார் செச்சாரா அன்சுரான்" (ஐயா, தவணையில கட்ட அனுமதி கேக்குறேன்)ன்னு சொல்லி சம்பள சிலிப்ப நீட்டுங்க, பிள்ளைங்க எத்தன, வாடகை எவ்வளவுன்னு சுருக்கமா சொல்லுங்க. குடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது, அதனால பாதியாவது கட்டக்கூடிய ஆள் ஒருத்தர கூட்டிட்டுப் போறது நல்லது.

அதே பிரிவுல இன்னொண்ணு இருக்கு, பல குடும்பத்துக்குத் தெரியாது. கட்டாததுக்கு ஒரு மாசம் ஜெயில்னு வைங்க, 15 நாள் முடிஞ்சப்புறம் வீட்டுல பாதிப் பணத்த புரட்டிக் கட்டுனா மிச்ச நாள் இருக்க வேண்டியதில்ல, வெளிய விடணும். ஜெயிலுக்குப் பதிலா தினம் நாலு மணி நேரத்துக்கு மேல போகாம, அதிகபட்சம் மூணு மாசம் கட்டாய வேலை செய்யவும் 1954-லயே சட்டம் வந்துருச்சு. மூணு மாசத்துக்குள்ள ஜெயில் போட நெனைக்கிற கேஸுக்கும், அபராதம் கட்ட முடியாதவங்களுக்கும் இது பொருந்தும். இதயும் கேட்டுப் பாருங்க. வேலைய விடாம பாத்துக்கலாம்ல.

லாயருக்குக் காசில்லன்னா ஒய்பிஜிகே (தேசிய சட்ட உதவி அறவாரியம்) இருக்கு, மலேசியர்கள்ல வருமானம் கம்மியா உள்ளவங்களுக்கு ஜாமீன், ரிமாண்ட், தண்டனைய குறைக்கச் சொல்லிக் கேக்குறதுன்னு ஃப்ரீயா நிப்பாங்க.

என்னக் கேட்டா முதல்ல ரெண்டு விஷயம் மாறணும். தேதிக்கு முந்தின நாள் ஒரு எஸ்எம்எஸ், அது வந்தாலே பாதி வாரண்ட் கொறையும். அப்புறம், கட்டலன்னா ஜெயில்னு சொல்றதுக்கு முன்னாடி உன்னால கட்ட முடியுமான்னு எல்லார்கிட்டயும் மாஜிஸ்திரேட்டே கேக்கணும். 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்ச சம்பளக்காரனுக்கும் டாமான்சாரா மாதிரி பணக்கார ஏரியா முதலாளிக்கும் ஒரே 300 வெள்ளின்னா, ஒருத்தருக்கு அது ஒரு டின்னர், இன்னொருத்தருக்கு வாடகைல ஓட்டை. உங்க எம்பி சர்வீஸ் சென்டர்ல எழுத்துல குடுங்க, உங்க கேஸ்ல நடந்தத தேதியோட எழுதுங்க.

கட்டி முடிச்சதும் ரசீத போட்டோ எடுத்து வைங்க, ரோட்டெக்ஸ் ரினியூ பண்றப்ப ஜேபிஜே சிஸ்டம்ல பிளாக்லிஸ்ட் இன்னும் நீங்கலன்னா அதக் காட்டித்தான் கேக்கணும்.