மனசுக்கு ஆள் தேடும்போது நாம் விடுகிற தவறுகள்

ஹட்டன் பக்கத்தில் யாரிடமாவது "கொஞ்ச நாளா மனசு சரியில்லை, யாரையாவது பார்க்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தர் கோயில் பேர் சொல்வார், இன்னொருத்தர் "யோசனையைக் குறை, எல்லாம் சரியாகும்" என்பார், மூன்றாவது ஆள் சிரித்துக்கொண்டே "அங்கொடைக்குப் போறியா?" என்று கேட்பார். கொழும்புக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) வசவாகவே ஆகிவிட்டது. அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம், 1926 என்ற இலக்கத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுத்துப் பேசுவது அவர்கள்தான் என்பதெல்லாம் பலருக்குத் தெரியாது. தெரிந்தது அந்த ஒரு சொல். அதற்குப் பயந்தே வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருக்கிறோம்.

நான் டொக்டர் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் அலைந்தவன், அப்புறம் எனக்கே ஒரு ஆள் தேவைப்பட்டு அதே வழியில் மறுபடி போனவன். கீழே சொல்கிற தவறுகளில் முக்கால்வாசி நானே விட்டவை.

முதலில் யார் எந்த ஆள் என்று தெரியாமல் போவது. மனநல வைத்தியர் என்பவர் டொக்டர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை செய்வார், மருந்து எழுத மாட்டார். உளவளத்துணையாளர் (யாழ்ப்பாணப் பக்கம் சீர்மியம் என்றொரு அழகான சொல் வைத்திருக்கிறார்கள்) உட்கார்ந்து கேட்டு, நாமே ஒரு வழிக்கு வர உதவுவார். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காசு வாங்க மாட்டார்கள், ஆனால் கூட்டம். டொக்டருக்கு ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தப் பத்து நிமிஷத்தில் மனசில் உள்ளதெல்லாம் கொட்டிவிடலாம் என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், நாங்கள் அப்படித்தான் போய் "இவருக்கு இரக்கமே இல்லை" என்று திட்டிக்கொண்டு திரும்பினோம். உண்மையில் அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார், நாங்கள்தான் வேறு கடையில் போய் வேறு சாமான் கேட்டிருந்தோம். பேச ஆள் வேண்டும் என்றால் அந்தக் கிளினிக்கிலேயே "பேசுவதற்கு யாரிடம் அனுப்புவீர்கள்" என்று கேட்க வேண்டும். பல பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அதுவும் இலவசம், சமுர்த்தி உதவிப்பண விஷயமாக அதே கட்டடத்துக்குப் பத்துத் தடவை போன எனக்கு அது தெரியாமலே இருந்தது.

தனியாரிடம் போகிறவர்கள் படிப்பைக் கேட்கக் கூச்சப்படுவது அடுத்தது. உளவளத்துணையில் சில மாத டிப்ளோமாவும் உண்டு, வருஷக்கணக்கில் படித்தவர்களும் உண்டு, வாசல் போர்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். மற்றவர்களிடம் நேரடியாகவே கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், எத்தனை காலம், சிக்கலான ஆள் வந்தால் நீங்கள் யாரிடம் ஆலோசனை கேட்பீர்கள். நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

சரி, இப்போது மொழி. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

கிளினிக் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் அக்கா, கூட அவருடைய மகன், பத்துப் பதினொரு வயசு இருக்கும், ஸ்கூல் சப்பாத்தோடு. டொக்டருக்குச் சிங்களம், அக்காவுக்குத் தமிழ், இடையில் இந்தப் பையன். கதவு பாதி திறந்தே இருந்தது, அதனால் எல்லாருக்கும் கேட்டது. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "செத்துப்போனா நல்லம்னு தோணுது சார், புள்ளைக மொகத்தப் பாத்துதான் இருக்கேன்" என்றார். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் டொக்டரைப் பார்த்து, "அம்மாட்ட நிந்த யன்னே நே" என்றான். அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. டொக்டர் தூக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார்.

அந்தப் பையனை யார் குறை சொல்ல முடியும்? அவன் வாயால் எப்படிச் சொல்வான் அதை. தப்பு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதில். பிள்ளை வேண்டாம், புருஷனும் வேண்டாம் (பாதி நேரம் பிரச்சினையே அவர்தான்), மாமியார் வேண்டவே வேண்டாம். தமிழ் தெரிந்த தாதி அல்லது உத்தியோகத்தர் யாரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் நம்பிக்கையான, வயசுக்கு வந்த, வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள், போகிற வழியிலேயே "நான் சொல்றத அப்படியே சொல்லு, ஒன்னும் குறைக்காதே" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டில் அரசகரும மொழி. தமிழில் பேச ஆள் கேட்பது உங்கள் உரிமை, யாரும் செய்கிற உபகாரம் இல்லை. தமிழ் தெரிந்த ஆள் கிடைத்தாலும் நம்முடைய தமிழ் புரிகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. "தலைப்பாரம்", "நெஞ்சு அடைக்குது", "ஒடம்பெல்லாம் எரியுது", "யோசன கூடிப்போச்சு" என்று நாம் சொல்வது எல்லாம் மனசைப் பற்றித்தான், அது தெரியாத ஆள் பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார். நாமும் ஆறு மாதம் சித்தாலேபவைத் தேய்த்துக்கொண்டு இருப்போம். தலைவலி என்று சொன்னால் அதோடு நிறுத்தாமல், எப்போதிலிருந்து, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது நான் ரொம்ப நாள் ஏமாந்த இடம். நாங்கள் போன இரண்டாவது ஆள் தேன் மாதிரிப் பேசினார். "மகளே" என்றுதான் கூப்பிட்டார், தேத்தண்ணி கொடுத்தார், தலையைத் தடவினார், தங்கச்சி இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் தன் வாழ்க்கையில் பட்ட கஷ்டத்தை முக்கால் மணி நேரம் சொன்னார், கடைசியில் "அப்பா அம்மா உனக்காகக் கொழுந்து பறிச்சுக் கஷ்டப்படுறாங்க, அத நெனச்சுப் படி" என்று புத்தி சொல்லி அனுப்பினார். எனக்கு அவ்வளவு திருப்தி. எவ்வளவு நல்ல மனுஷன்! தங்கச்சி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அவள் உடைந்ததே அந்த நினைப்பில்தான், அப்பா அம்மா கஷ்டப்படுகிறார்களே, நான் தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான், அதையே மறுபடி அவள் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார் மனுஷன்.

இனிக்கப் பேசுவதை இரக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் இவ்வளவு அலைச்சலில் நான் கற்றுக்கொண்டது. உள்ளே யார் அதிகம் பேசினார்கள் என்று பாருங்கள். போன தடவை சொன்னது அடுத்த தடவை நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். அடி வாங்குகிற பொம்பளையிடம் "பொறுத்துப் போம்மா" என்று சொல்கிறவர், உங்கள் சாதியை விசாரிக்கிறவர், தன் சபைக்கோ சாமிக்கோ ஆள் பிடிக்கிறவர், மூன்று தடவையில் குணமாக்கிக் காட்டுகிறேன் என்று சவால் விடுகிறவர், இவர்களிடம் இரண்டாம் தடவை போகத் தேவையில்லை. அதேபோல "சாகணும் போல இருக்கா?" என்று நேரடியாகக் கேட்கிற ஆளைப் பார்த்துப் பயந்து ஓடாதீர்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று நம்மில் ஒரு பயம் இருக்கிறது. அப்படி வராது, கேட்கிற ஆளுக்குத் தன் வேலை தெரியும் என்றுதான் அர்த்தம். வீட்டில் இருக்கிற நாமும் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ரகசியம். பத்துக் காம்பரா லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும், அந்த ஊரில் இதைப் பற்றி முதலிலேயே பேசிக்கொள்ளாமல் வாயைத் திறப்பது பெரிய தப்பு. சொன்னதை யாரிடம் சொல்வீர்கள், எழுதுகிற குறிப்பு எங்கே இருக்கும், எங்கள் தோட்டத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டா, இதெல்லாம் முதல் நாளே கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றாலோ ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும் என்று நல்ல ஆள் தானாகவே சொல்லிவிடுவார். "யாருக்கும் எதுவும் சொல்லவே மாட்டேன்" என்று சத்தியம் பண்ணுகிறவரை விட அவரை நம்பலாம். போனில் பேசுகிற வசதி இப்போது இருக்கிறது, நல்லதுதான், ஆனால் எங்கள் தோட்டத்தில் சிக்னல் பிடிக்கிற ஒரே இடம் ஸ்டோருக்கு மேலே மாடசாமி கோயில் கல், அங்கே எப்போதும் நாலு பொடியன்கள் உட்கார்ந்து கேம் விளையாடுவார்கள். நேரம் குறிக்கும் முன் எங்கே உட்கார்ந்து பேசப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இளம் பிள்ளைகள் விஷயத்தில் தவறு வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. கண்டிக்குச் சாமான் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி ஏற்றிக்கொண்டு போவார்கள். கதவைத் திறந்த பிறகுதான் பிள்ளைக்குத் தெரியும், அதற்கு மேல் அது வாயைத் திறக்குமா? எங்கே போகிறோம், யாரைப் பார்க்கிறோம், ஏன் என்பதை முதல் நாளே சொல்லுங்கள், ஆணா பெண்ணா யாரிடம் பேசச் சுலபம் என்று கேளுங்கள். உள்ளே போனால் முதல் பத்து நிமிஷம் கூட இருங்கள், அப்புறம் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். "என் முன்னால சொல்லு, நான் அம்மாதானே" என்று உட்கார்ந்துகொண்டே இருந்தால் டொக்டருக்குக் கிடைப்பது அம்மாவின் கதை மட்டும்தான்.

அப்புறம் திரும்பி வருகிற பஸ். எங்கள் அம்மா சீட்டில் உட்கார்ந்த உடனே தொடங்கினார், "உள்ள என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன, எங்களப் பத்திச் சொன்னியா?" தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் பனி படிந்த கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டே வந்தாள், ஓர் இடத்தைத் துடைப்பாள், அது மறுபடி மங்கும், மறுபடி துடைப்பாள், நோர்வூட் வரைக்கும் அப்படித்தான். அடுத்த தடவை வர மாட்டேன் என்று விட்டாள். கேட்காதீர்கள். வடை வாங்கிக் கொடுங்கள், அது போதும். அடி, துன்புறுத்தல் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். வாய் காய்வது, குமட்டுவது எல்லாம் முதல் வாரமே வந்துவிடும். அதனால்தான் பாதிப் பேர் பத்தாவது நாள் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் நன்றாக ஆனதும் "இனி எதுக்கு" என்று சட்டென்று நிறுத்துவார்கள், அது இன்னும் மோசம். கிளினிக் நாள் என்றால் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும், அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும், கூடுதல் நாளுக்கு மாத்திரை தர முடியுமா என்று டொக்டரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். கோடாங்கியிடம் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, எங்கள் வீட்டிலும் பார்த்தோம். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அடித்தால், கட்டிப் போட்டால் அங்கே இருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

இன்னொன்று, யாரும் பேச விரும்பாதது. சாக நினைத்துப் பூச்சி மருந்து குடித்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் "தெரியாமக் குடிச்சிட்டாங்க" என்று சொல்வது, பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து. தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றமே இல்லை. உண்மையைச் சொன்னால்தான் உயிர் பிழைத்த பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள், மறைத்தால் வயிற்றைக் கழுவி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மண்சரிவைப் பார்த்தவர்களுக்கும் இப்படி ஆள் தேட வேண்டிவரும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததற்குப் பிறகு, மழை விடாமல் பெய்தால் படுக்காமல் உட்கார்ந்தே இருக்கிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். பயம் சில மாதம் கழித்துத் தலை தூக்குவது உண்டு. அப்போதே யாரோ வந்து ஒரு நாள் பேசிவிட்டுப் போனார்கள், அது முடிந்த கதை என்று விட்டுவிடக் கூடாது.

1333 என்ற உளவளத்துணைத் தொலைபேசி இலக்கம், சுமித்ரயோ போன்ற இடங்களைச் சிகிச்சை என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். சுமித்ரயோ 1974இலிருந்து இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் தொண்டர்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். அந்த ராத்திரியைக் கடக்க அது உதவும். அழைத்த உடனே தமிழில் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஒரு ஆள் சரிவரவில்லை என்று மொத்தத்தையும் கைவிடுவது. முதல் தடவை கூச்சமாக இருப்பது சகஜம், இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள். கேலி பண்ணினால், ரகசியத்தை வெளியே விட்டால், தொடக் கூடாத இடத்தில் தொட்டால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், முறைப்பாடும் செய்யுங்கள். நாங்கள் மூன்றாவதாகப் போனது அவ்வளவாகச் சிரிக்காத ஒரு பெண்ணிடம், தேத்தண்ணி எல்லாம் கொடுக்கவில்லை. உட்கார்ந்ததும் அவர் தங்கச்சியிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" நாலரைக்கு என்றாள். "சரி, மூன்றே முக்காலுக்கு முடிப்போம். மணிய நான் பார்த்துக்கிறேன், நீங்க பாக்க வேணாம்."