கஸ்டம் ரெசல்யூஷன் போடும் முன் கேபிளைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில், பெட்டி பிரிக்காத புது மானிட்டர் வாங்குகிறவர்கள் குறைவு. ஈப்போவில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியது, மூத்த மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப் போனது, ஹாலில் மாட்டியிருக்கும் டிவி, இப்படித்தான் வீடுகளில் திரைகள் சேர்கின்றன. கேபிளும் அப்படியே. எது எதனோடு வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. இதையெல்லாம் சேர்த்து மாட்டிப் பார்த்தால் படம் நீள்கிறது, எழுத்து மங்குகிறது, ஓரம் வெட்டுப்படுகிறது. உடனே யாராவது ஒரு தம்பி, "அண்ணே, கஸ்டம் ரெசல்யூஷன் போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிடுவான்.

விண்டோஸ் காட்டும் பட்டியலில் இல்லாத திரை அளவையோ (குறுக்கும் நெடுக்குமான புள்ளிகளின் எண்ணிக்கை) வேகத்தையோ நாமே எண்ணாகப் போடுவதுதான் கஸ்டம் ரெசல்யூஷன். பெரும்பாலும் அதனால் சரியாகாது. திரைக்குப் பொருந்தும் அளவு பட்டியலில் ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கையால் எண் போடுவது கடைசி வேலை. கீழே வரும் தவறுகளில் பாதி, இந்த வரிசையை மாற்றிப் போடுவதால் வருபவை.

மானிட்டர் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய விவரத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குச் சொல்கிறது. ஈ.டி.ஐ.டி. என்று அதற்குப் பெயர். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். திரையின் இயல்பான அளவு என்ன, எத்தனை ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிப்பது) தாங்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். விண்டோஸ் காட்டும் பட்டியல் அதை வைத்து வருவது. அந்தச் செய்தி வந்து சேராவிட்டால் விண்டோஸ் பாதுகாப்பாக 1024 x 768 மாதிரி ஒரு பழைய அளவோடு நின்றுவிடும். அகலத் திரையில் அது இழுபட்டு, வட்டமெல்லாம் முட்டையாகத் தெரியும்.

செய்தி வராமல் போக மிகச் சாதாரணக் காரணம் விஜிஏ கேபிள். அந்த நீல முனையில் 15 ஊசிகளுக்கு இடம் இருக்கிறது. படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் போவது 1, 2, 3-இல். மானிட்டரின் விவரம் வருவது 12-இலும் 15-இலும். இந்த இரண்டில் ஒன்று வளைந்து மடங்கியிருந்தாலோ, மலிவுக் கேபிளில் உள்ளே கம்பியே இல்லாமல் இருந்தாலோ, படம் நன்றாகவே வரும். விவரம் மட்டும் வராது. அதனால்தான் யாரும் கேபிளைச் சந்தேகப்படுவதில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து மானிட்டர்ஸ் என்ற இடத்தில் பாருங்கள். 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தால் விஷயம் பெரும்பாலும் இதுதான். (9-ஆம் ஊசி இல்லாமல் வரும் கேபிள்கள் நிறைய உண்டு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.) இந்த நிலையில் கஸ்டம் அளவு போட்டால் சில நேரம் வேலை செய்யத்தான் செய்யும். ஆனால் அடுத்த டிரைவர் அப்டேட்டில் அது காணாமல் போகும், மறுபடி ஆள் தேட வேண்டும். வேறு கேபிள் மாற்றினால் வேலை முடிந்தது.

பள்ளி மண்டபத்தில் புரொஜெக்டரும் மானிட்டரும் ஒரே ஸ்பிளிட்டரில் (ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாட்டியிருந்தாலும் இதே கதைதான். ஸ்பிளிட்டர் பெரும்பாலும் ஏதாவது ஒரு திரையின் விவரத்தை மட்டுமே கணினிக்குக் கொடுக்கும். அது புரொஜெக்டருடையதாக இருந்தால் நல்ல மானிட்டரும் அதன் அளவுக்கு இறங்கிவிடும்.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைப்பது

இதுதான் நான் அதிகம் பார்ப்பது. ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் கோயில் கணக்கைக் கணினியில் எழுதுகிறார். 1920 x 1080 திரை. எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று சொன்னதும் பேரன் 1280 x 720-க்கு இறக்கிக் கொடுத்துவிட்டான். எழுத்து பெரிதானது உண்மை. கூடவே எல்லாம் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. 1280 புள்ளிக்கான படத்தை 1920 புள்ளியில் பரப்பும்போது ஒவ்வொரு கோடும் ஒன்றரைப் புள்ளி அகலத்துக்கு வர வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது, அதனால் ஓரத்தை மழுப்பித்தான் காட்டும். ஆங்கில எழுத்தாவது ஓரளவு தப்பும். தமிழில் ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், அது முதலில் அடிபடும். "மணி"யா "மனி"யா என்று ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரெசல்யூஷனைத் திரையின் இயல்பான அளவுக்கே ஏற்றிவிட்டு, அதே பக்கத்தில் இருக்கும் ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதமாக வையுங்கள். எழுத்தும் பெரிதாகும், சுழியும் தெரியும்.

இங்கே இன்னொரு சிக்கல், பழைய 1366 x 768 திரைகள். 1366 என்பது எட்டால் வகுபடாத எண். சில கருவிகள் எட்டின் மடங்குகளை மட்டுமே ஏற்கும் என்பதால் 1360 அல்லது 1368 என்று மாற்றிக்கொள்ளும். ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடோ லேசான மங்கலோ தெரிந்தால் அதுதான் காரணம்.

டிவியை மானிட்டராக்கும்போது

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்த காலத்தில், ஹால் டிவியில் மடிக்கணினியைச் செருகியவர்கள் ஏராளம். பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. டிவியில் டாஸ்க்பார் பாதி வெளியே போய்விடும், மூலையில் இருக்கும் பெருக்கல் குறி தெரியாது. டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி நான்கு ஓரத்தையும் வெட்டுவதால் வருவது இது. ஓவர்ஸ்கேன் என்பார்கள். அந்தக்கால ஒளிபரப்பில் ஓரம் சுத்தமாக இருக்காது என்று தொடங்கிய வழக்கம்.

இதைச் சரிக்கட்ட 1824 x 1026 போன்ற விநோத அளவுகளைக் கையால் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். முதலில் கணினி சுருக்குகிறது, பிறகு டிவி பெருக்குகிறது, எழுத்து இரண்டு தடவை சிதைகிறது. தீர்வு டிவி ரிமோட்டில் இருக்கிறது. படத்தின் அளவு என்ற மெனுவில் எல்ஜி 'ஜஸ்ட் ஸ்கேன்' என்கிறது, சோனி 'ஃபுல் பிக்சல்' என்கிறது. சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்று தேடுங்கள். பல டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ துளைக்குப் 'பிசி' என்று பெயர் மாற்றினாலே போதும்.

டிவியின் பட்டியலில் 50, 59, 60 என்று மூன்று ஹெர்ட்ஸ் வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 50-தான் பொருத்தம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்துக்கும் இதற்கும் இன்று சம்பந்தமே இல்லை. 'பால்' (PAL) என்ற பழைய அனலாக் டிவி முறை ஒளிபரப்பு 50-இல் ஓடியது, அதன் எச்சமாகத்தான் அந்த எண் பட்டியலில் தங்கியிருக்கிறது. மலேசியாவில் 2019-இல் அனலாக் ஒளிபரப்பே நின்றுவிட்டது. சாதாரண வேலைக்கு 60 வையுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேமில் பதிவான பழைய நிகழ்ச்சி பார்க்க மட்டும் 50 நன்றாக இருக்கும், 25 அதில் சரியாக இரண்டு முறை அடங்குவதால். 59 என்று காட்டுவது உண்மையில் 59.94, அதைப் பார்த்து ஏதோ குறைந்துவிட்டது என்று 60-ஐக் கையால் போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

டிவியில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அது ரெசல்யூஷன் கோளாறு அல்ல. கிராபிக்ஸ் மெனுவில் நிற வரம்பு 'லிமிடெட்' என்று இருக்கும், 'ஃபுல்' ஆக்கிப் பாருங்கள்.

60-ஐ 75 ஆக்கும் ஆசை

நிஜமாகவே கஸ்டம் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் விளையாட்டுப் பிள்ளைகள். முதலில் ஒன்றைக் கேட்டுவிடுவேன்: மானிட்டர் ஏற்கெனவே 144 ஹெர்ட்ஸ் என்று சொல்லித்தானே வாங்கினாய், அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் எத்தனை இருக்கிறது? பாதிப் பேருக்கு 60-இலேயே கிடக்கும். விண்டோஸ் தானாக ஏற்றிவிடும் என்று நம்ப வேண்டாம்.

உண்மையான 60 ஹெர்ட்ஸ் திரையை 75-க்குத் தள்ளுவது வேறு விஷயம். கேபிளில் போவது தெரியும் புள்ளிகள் மட்டும் அல்ல. ஒவ்வொரு வரிக்குப் பின்னும், ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கொஞ்சம் வெற்று இடமும் சேர்ந்து போகிறது. 1920 x 1080-க்கு வழக்கமான கணக்கில் மொத்தம் 2200 x 1125. அதை 60-ஆல் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ், இதைப் பிக்சல் கிளாக் என்பார்கள். 75-ஆல் பெருக்கினால் 185.6. சிங்கிள் லிங்க் டிவிஐ என்ற கேபிள் வகையின் எல்லை 165. எண் போடும் பெட்டி எதையும் வாங்கிக்கொள்ளும், கேபிளின் எல்லையைத் தாண்டினால் திரைதான் கறுத்துப்போகும்.

லினக்ஸ் பிள்ளைகள் விழும் குழி இதற்கு உள்ளேயே இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுத்தரும் சிவிடி கட்டளையில் 1920 1080 60 என்று கொடுத்தால் 173 மெகாஹெர்ட்ஸ் கொண்ட வரி ஒன்று வரும், மோட்லைன் என்பார்கள். பழைய குழாய் மானிட்டருக்காக வெற்று இடத்தைத் தாராளமாக விடும் கணக்கு அது. டிவிஐயில் போட்டால் சாதாரண 60 ஹெர்ட்ஸே எல்லை மீறிவிடும். வெற்று இடத்தைக் குறைக்கும் 'ஆர்' தேர்வைச் சேர்த்தால் அதே அளவு 138.5-இல் அடங்கும். விண்டோஸ் மெனுக்களில் இதே தேர்வு 'ரெடியூஸ்டு பிளாங்கிங்' என்ற பெயரில் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த வேறொருவருடைய மோட்லைனை அப்படியே ஒட்டுவது வேண்டாம், அது அவருடைய மானிட்டருக்கு எழுதியது.

4கே கதையும் இதே கணக்குதான். 60 ஹெர்ட்ஸுக்கு 594 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், எச்டிஎம்ஐ 1.4-இன் எல்லை 340. பழைய மடிக்கணினி 30-க்கு மேல் காட்டாதது கஞ்சத்தனம் அல்ல. சில நேரம் நிற விவரத்தைக் குறைத்து 60-ஐத் திணிக்கலாம், ஆனால் சிவப்பு எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். படம் பார்க்கப் பரவாயில்லை, கணக்கு எழுத ஆகாது.

75 போட்டுப் படமும் வந்துவிட்டது என்றால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. சில மானிட்டர்கள் 75-ஐ வாங்கிக்கொண்டு உள்ளுக்குள் ஃபிரேம்களைத் தவறவிடும். மெனுவிலும் 75 என்றே எழுதியிருக்கும். டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனையை ஓடவிட்டு, போன் கேமராவின் புரோ முறையில் ஷட்டரைப் பத்தில் ஒரு விநாடியாக வைத்துப் படம் எடுங்கள். கட்டங்கள் இடைவெளி இல்லாமல் தொடர்ந்தால் சரி. நடுவில் ஓட்டை விழுந்தால் அந்த 75 பொய். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட திரையை 60-இலேயே விடுவது நல்லது, ஓட்டம் அதில்தான் சீராக இருக்கும்.

திரும்பி வரும் வழி

விண்டோஸ் மெனுவில் மாற்றினால் 15 விநாடியில் பதில் சொல்லாவிட்டால் பழையதுக்கே திரும்பும். ஒன்றும் தெரியாத திரையில் எண்டரைத் தட்டாமல் சும்மா இருங்கள், அதுவே போதும். லினக்ஸில் திரை அளவை மாற்றும் எக்ஸ்-ரேண்டர் கட்டளையில் அந்தக் கருணை இல்லை. 20 விநாடி காத்திருந்து பழைய அளவுக்குத் திரும்பும் கட்டளையையும் அதே வரியில் சேர்த்து எழுதிவிட்டு எண்டர் தட்டுங்கள். ஓரிரண்டு நாள் ஓடிப் பார்க்காமல் துவக்கப் பட்டியலில் போடாதீர்கள்.

விண்டோஸில் கஸ்டம் அளவு போட சிஆர்யூ என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், கூடவே வரும் ரீசெட்-ஆல் கோப்பை டெஸ்க்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திரை வராவிட்டால் சேஃப் மோடில் போய் அதை ஓட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்புறம், கறுத்த திரையைப் பார்த்ததும் விண்டோஸை மறுபடி ஏற்றக் கிளம்பிவிடாதீர்கள். கையால் போட்ட அளவு அந்த ஒரு மானிட்டருக்கு மட்டும் எழுதப்பட்டது. அதைக் கழற்றிவிட்டு ஹால் டிவியிலோ பக்கத்து வீட்டு மானிட்டரிலோ செருகினால் படம் வரும். அங்கிருந்தே டிரைவர் மெனுவில் போட்ட அளவை நீக்குங்கள், சிஆர்யூவில் போட்டதாக இருந்தால் ரீசெட்-ஆலை ஓட்டுங்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுப் பழைய மானிட்டரைத் திரும்ப மாட்டலாம்.