திருகோணமலை வெயிலும் வீட்டுத்தோட்டமும்: சித்திரை முதல் ஆனி வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசியில் கொழும்புப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். உடனே வானொலியிலும் யூடியூப்பிலும் "கன்று நட இதுதான் காலம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதை நம்பி இங்கே மாங்கன்றும் தேசிக்கன்றும் வாங்கி வந்து நடுவதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய தவறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டி நம்மிடம் வந்து சேருவது வெறும் கச்சான் காற்று. நமக்குரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகீழ்ப் பருவமழை. சித்திரையில் பின்னேரம் இடி முழங்கி ஒரு மழை பெய்தால் அதைப் பருவத்தின் தொடக்கமாக எண்ண வேண்டாம். அந்த ஈரம் சில நாள் கூட நிற்காது. இந்த மூன்று மாதமும் இருப்பதைக் காப்பாற்றும் காலம். கிணற்றில் தண்ணீர் தாராளமாக இருந்தால் வெண்டி, பயிற்றை, அரை நிழலில் கொஞ்சம் கீரை போடலாம், அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர் விடுகிற விதம். நண்பகலில் கத்தரி இலை தொங்கினால் உடனே வாளியோடு ஓடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். கடும் வெயிலில் வேர் இழுக்கிற வேகத்தைவிட இலை வேகமாக நீரை இழக்கும், அதனால் மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை வாடும். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டு, பொழுதுபட இலையும் நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒன்றுமில்லை. காலையிலும் வாடியபடியே நின்றால்தான் உண்மையான தாகம். தினமும் மேலாக நனைத்துவிட்டுப் போவதும் சரியில்லை. வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து, ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி சுருண்டுவிடும். காய்க்கிற மரங்களுக்கு அடிமரத்தில் ஊற்றாமல், கிளை நிழல் விழுகிற ஓரத்தில் பாத்தி கட்டி, நாள் இடைவெளி விட்டு நிறைய விடுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரமாக இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மணலுக்குக் கீழே நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழையில்லாத மாதங்களில் மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் நன்னீர் குறைந்து கீழேயுள்ள உப்பு நீர் மேலேறிவிடும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். தண்ணீர் உவர்த்துப்போனால் இலை ஓரம் கருகும். அதைப் பசளைக் குறை என்று நினைத்துப் பலர் யூரியா போடுகிறார்கள். காய்ந்த மண்ணில் யூரியா வேரைச் சுட்டு, இருக்கிற கருகலையும் கூட்டிவிடும். உவர்த் தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் மட்டும் விடுங்கள். இடைக்கிடை நிறைய விட்டு, மேல்மண்ணில் படிந்த உப்பைக் கீழே இறக்கிவிடுங்கள். தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு உப்பைத் தாங்கும். போஞ்சி தாங்கவே தாங்காது.

இனி எனக்குக் கோபம் வருகிற விஷயம். விடிந்ததும் வளவு முழுக்க வழித்துக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்துவது! முற்றத்தைக் கூட்டுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. மரத்தடியை விட்டுவிடுங்கள். கூட்டிய சருகையும் அங்கேயே பரப்புங்கள். அது மண்ணுக்குக் குடை பிடித்த மாதிரி. தென்னோலை, பொச்சு, தும்புத்தூள் எல்லாம் நம்மிடம் சும்மா கிடைக்கிறவை. தென்னையைச் சுற்றிப் பொச்சைப் புதைப்பதென்றால் குழிந்த பக்கம் மேலே பார்க்கட்டும், ஈரம் அதில் தங்கும். சருகை அடிமரத்தோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், கறையான் வரும்.

கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். கிடுகு மறைப்பை அந்தப் பக்கம் கட்டினால் காற்றையும் பின்னேர வெயிலையும் சேர்த்தே தடுக்கலாம். நாலு பக்கமும் அடைத்துவிட்டு, பூக்கவில்லையே என்று செடியைக் குறை சொல்லாதீர்கள்.

மிளகாய்க் கன்றில் இலை சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி அல்லது சிற்றுண்ணியின் வேலை. வெயிலும் வறட்சியும் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஆரம்பத்திலேயே இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீச்சியடித்து, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

மாம்பழக் காலமும் இதுதான். புழு வைத்து விழுந்த பழத்தை மரத்தடியில் விட்டுவைத்தால், பழ ஈயின் புழு அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகப் பறந்து வரும். அன்றன்று பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதையுங்கள். இல்லாவிட்டால் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். பழம் முடியும்வரை கவாத்துக் கத்தியை எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் கிளைகளை மொட்டையடிக்காதீர்கள், நிழலிலேயே இருந்த பட்டை திடீர் வெயிலில் வெடித்துவிடும்.

தோட்டத்துக்கென்று பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் அதை மூடி வையுங்கள், வாரம் ஒரு முறை உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்றால் புதுக் கன்றுக்கான இடத்தை இப்போதே பார்த்துவையுங்கள். ஆவணி, புரட்டாசியில் மாவுக்கும் தென்னைக்கும் 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய சாணமும் சருகும் போட்டு நிரப்புங்கள். ஐப்பசி மழையில் மண் நன்றாக ஊறியதும் கன்றை வாங்கலாம்.