கண்ட சம்பவத்தைச் சாட்சிக் குறிப்பாக எழுதும் முறை

விபத்தையோ வழிப்பறியையோ நேரில் கண்டவர், தம் நினைவில் பளிச்சென நிற்கும் ஒன்றைச் சுற்றியுள்ள விவரங்களும் அதே அளவுக்கு உறுதியானவை என்று கருதிவிடக் கூடாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜேம்ஸ் பிஸ்பியும் நீல் பர்ஜெஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை வருத்தும் படங்களைத் தனியாக அடையாளம் காண்பதில் குறைவு தென்படவில்லை. ஆனால் எந்தப் படம் எதனுடன் சேர்ந்து வந்தது என்ற நினைவு தளர்ந்திருந்தது. உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி ஓங்கும்போது, விவரங்களைப் பிணைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மற்றொரு பகுதியின் பங்கு குறைகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

ஆகவே, பிற சாட்சிகளுடன் பேசுவதற்கு முன்பே, தேதியும் நேரமும் இட்டு, கண்டதை எழுதுங்கள். ஆட்களையும் பொருள்களையும் ஒரு தாளிலும், ‘கத்தி யார் கையில் இருந்தது’, ‘சிவப்புச் சட்டைக்காரர் எந்த வண்டியில் ஏறினார்’ போன்ற இணைப்புகளை வேறொரு தாளிலும் எழுதுவது நல்லது. என் கணிப்பில், கூடுதல் கவனம் கோருவது இரண்டாவது தாள்தான். அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே, கண்ணால் கண்டதா, ஊகித்ததா, பிறர் சொன்னதா என்று குறியுங்கள். ஆயுதம் இருந்திருந்தால், அதை ஏந்தியவரின் முகத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் எச்சரிக்கை தேவை: உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினரின் 1987ஆம் ஆண்டுச் சோதனையில், ஒருவர் காசாளரிடம் காசோலையை நீட்டும் காட்சி சிலருக்கும், துப்பாக்கியை நீட்டும் காட்சி வேறு சிலருக்கும் காட்டப்பட்டது; பார்வையாளர்களின் கண்கள் காசோலையைவிடத் துப்பாக்கியிலேயே அதிகம் நிலைத்தன.

நினைவு தடைப்பட்டால், நின்ற இடத்தையும் வெளிச்சத்தையும் ஓசைகளையும் மனத்தில் மீட்டுப் பாருங்கள். அப்படியும் வராததைக் காலியாகவே விடுங்கள். பின்னர் நினைவுக்கு வருவதை, முதல் குறிப்பைத் திருத்தாமல், அன்றைய தேதியிட்டுத் தனியே சேருங்கள்.