ஆசிரியர் தினத்துக்கு ஒரு பிடி பச்சைப் பயறு போதும்

ஆசிரியர் தினப் பரிசுக்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். ஆசிரியர் வகுப்பில் சொல்லித்தந்த ஒன்றைப் பிள்ளையே வீட்டில் செய்து, அதையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தொடக்கநிலை 3 பிள்ளைக்குச் செடியின் வாழ்க்கைச் சுழற்சி நன்றாகப் பொருந்தும். சிங்கப்பூரில் ஆசிரியர் தினம் செப்டம்பர் மாத முதல் வெள்ளி. அன்று விடுமுறை என்பதால் கொண்டாட்டம் பெரும்பாலும் முந்தைய நாளே முடிந்துவிடும். ஆகவே அதற்கு முந்தைய வெள்ளி இரவே பயறை ஊறப்போடுங்கள். காலையில், ஈரப் பஞ்சு வைத்த பிளாஸ்டிக் குவளையின் ஓரத்தில், வெளியே தெரியும்படி விதைகளைச் செருகுங்கள். தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் அழுகிவிடும். உடைத்த பாசிப்பருப்பு முளைக்காது, முழுப் பயறுதான் வேண்டும்.

வேர் முதலில் இறங்கி, பிறகு தண்டு நிமிர்வதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மனப்பாடம் செய்யாமலே நிற்கும். சொல்லித்தந்தது பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய நன்றி இல்லை என்பது என் எண்ணம். குவளையில் பிள்ளை கைப்பட ஒரு வரி ஒட்டுங்கள்: “வேர்தான் முதல்ல வந்துச்சு, டீச்சர்!”

தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் கிடையாது. அவர்கள் வேறு பாடத்திலிருந்து ஒன்றைச் செய்யலாம். தொடக்கநிலை 6 பிள்ளைகளுக்குப் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் நேரம். அவர்கள் நாலு வரி எழுதிய அட்டை கொடுத்தாலே போதும்.